1:24-இல் மாட்டிக்கொண்டது எப்படி விடுபட்டது

நாற்பத்திரண்டு வயதில் மாஸ்டர்ஸ் நீச்சல் போட்டிகளில் (பெரியவர்களுக்கு வயதுப் பிரிவு வாரியாக நடப்பவை) இறங்கியபோது என் இலக்கு ஒரே வரிதான்: 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலை 1:20-க்குள், அதாவது ஒரு நிமிடம் 20 நொடிக்குள், முடிக்க வேண்டும். ஓராண்டு முட்டி மோதியும் 1:24-க்குக் கீழே இறங்கவில்லை.

ஒருநாள் போட்டி நேரத்தை இரண்டாகப் பிரித்துப் பார்த்தேன். முதல் 50 மீட்டர் 38 நொடி, அடுத்தது 46. வேகம் இருக்கிறது, அதைப் பங்கிடத்தான் தெரியவில்லை! சரி, இலக்கையே மாற்றுவோம் என்று வாரம் ஒருநாள் எட்டு 50 மீட்டர், ஒவ்வொன்றும் 40 நொடியில், நடுவே 30 நொடி ஓய்வு என வைத்துக்கொண்டேன். எட்டாவதும் 40-இல் வரவேண்டும். முதல் இரண்டு வாரம் ஐந்தாவதிலேயே மூச்சு வாங்கி நின்றுவிட்டேன். ஆறாவது வாரத்தில்தான் எட்டும் கைகூடின.

இன்னொரு அசட்டுத்தனமும் செய்திருந்தேன். 25 மீட்டர் குளத்து நேரத்தையும் 50 மீட்டர் குளத்து நேரத்தையும் ஒரே பக்கத்தில் எழுதி ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். சின்னக் குளத்தில் திருப்பங்கள் அதிகம். சுவரை உதைத்துக் கிளம்பும் வேகத்திலேயே நேரம் குறைந்துவிடும். இப்போது தனித்தனிப் பக்கங்கள்.

அடுத்த போட்டியில் 39, அப்புறம் 42. மொத்தம் 1:21. அந்த 1:20 இன்னும் பாக்கிதான்.