இரண்டே ப்ளைவுட் ஷீட்டில் மாடல் ரயிலுக்கு ஆடாத மேசை

மாடல் ரயில் தடம்புரண்டால் முதலில் தண்டவாளத்தைத்தான் சந்தேகிப்போம். பல நேரம் கோளாறு அதற்கும் கீழே, மேசைச் சட்டத்தில் இருக்கும். தண்டவாளம் ஒட்டியபின் மேசையைத் திருத்துவது பெரும்பாடு.

இங்கே சொல்வது ஹெச்ஓ ஸ்கேலுக்கான (நிஜ ரயிலின் 87-ல் ஒரு பங்கு அளவு) 8×4 அடி மேசை, அதாவது 2440×1220 மி.மீ.

திட்டம்

457 மி.மீ. ஆரமுள்ள வளைவுக்கு 914 மி.மீ. அகலம் வேண்டும். மேசையின் 1220 மி.மீ. அகலத்தில் இருபுறமும் 153 மி.மீ. மிஞ்சும். 559 மி.மீ. ஆரம் வைத்தால் 51 மி.மீ.தான் மிஞ்சும், அப்போது ஓரத்தில் அக்ரிலிக் தடுப்பு கட்டாயம், இல்லையென்றால் எஞ்சின் நேரே தரைக்குப் போகும்.

கை வசதியாக எட்டுவது 75 செ.மீ.தான். ஆகவே நீளப் பக்கத்தைச் சுவரோடு ஒட்டிப் போடாதீர்கள். இருபுறமும் 60 செ.மீ. நடக்க இடம் விடுங்கள்.

ஒரு தடம் இன்னொன்றின் மேலே பாலத்தில் போக வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 75 மி.மீ. உயரம் ஏற, 2 சதவீதச் சரிவில் 3.75 மீட்டர் வேண்டும். இறங்க இன்னொரு 3.75. இந்த மேசையில் 457 ஆர வளையத்தின் மொத்த நீளமே சுமார் 5.3 மீட்டர்தான். நீலகிரி மலை ரயில் 8 சதவீதச் சரிவு ஏறுகிறதே என்றால், அங்கே தண்டவாளங்களுக்கு நடுவே, எஞ்சினின் பற்சக்கரம் பிடித்து ஏறப் பற்சட்டம் இருக்கிறது. முதல் மேசை சமதளமாகவே இருக்கட்டும்.

வெட்டுதல்

19 மி.மீ. பிடபிள்யூஆர் (கொதிநீர் தாங்கும்) தர ப்ளைவுட் ஒன்று சட்டத்துக்கு, 12 மி.மீ. ஒன்று மேல்தளத்துக்கு. 19 மி.மீ. ஷீட்டைக் கடையிலேயே 90 மி.மீ. பட்டைகளாக நீளவாக்கில் அறுக்கச் சொல்லுங்கள். ரம்பம் தின்பது போக 13 கிடைக்கும்.

இரண்டு பட்டைகள் நீளச் சட்டம். நான்கிலிருந்து 1182 மி.மீ. குறுக்குச் சட்டங்கள் 7. இன்னும் நான்கிலிருந்து 1000 மி.மீ. துண்டுகள் 8, இரண்டிரண்டாக ‘எல்’ வடிவில் ஃபெவிகால் பூசித் திருகினால் நான்கு கால்கள். மீதி மூன்றும் சாய்வுத் தாங்கிகளுக்கு. கூடவே 40×40 மி.மீ. மரரீப்பர் 6 அடி வாங்கி, 85 மி.மீ. கட்டைகளாக 18 வெட்டுங்கள்.

பூட்டுதல்

பூட்டுமுன் ஒவ்வொரு குறுக்குச் சட்டத்திலும் உயரத்தின் நடுவில் மூன்று 25 மி.மீ. துளை போடுங்கள். வயர் அதன் வழியாகப் போகும். பிறகு மல்லாந்து படுத்துத் துளைப்பது நரகம்.

ஒரு குறுக்குச் சட்டத்தின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்குச் சுமார் 403 மி.மீ. இந்த அளவைக் கண்மூடிப் பின்பற்ற வேண்டாம். தடம் பிரியும் இடத்துக்கு நேர் கீழே சட்டம் வந்தால், தடத்தை மாற்றும் பாயிண்ட் மோட்டார் பொருத்த இடமிருக்காது. திட்டப்படத்தைப் பார்த்துச் சட்டத்தை 50 மி.மீ. தள்ளிவையுங்கள்.

ப்ளைவுட்டின் விளிம்பில் திருகு பிடிக்காது, அடுக்கு பிளந்துவிடும். அதனால் ஒவ்வொரு மூட்டுக்கும் உள்மூலையில் ஃபெவிகால் பூசிய ஒரு கட்டை வைத்து, இரண்டு சட்டங்களின் முகத்திலிருந்தும் 38 மி.மீ. திருகு இரண்டிரண்டு கட்டைக்குள் இறங்கட்டும். முன்துளை 3 மி.மீ. ஜிப்சம் போர்டுக்கான கறுப்புத் திருகு வேண்டாம். பாரம் தாங்காமல் தலை முறியும்.

ஃபெவிகால் காயுமுன் இரண்டு மூலைவிட்டங்களையும் டேப்பால் அளந்து பாருங்கள். 2440×1220 சட்டத்தில் இரண்டும் 2728 மி.மீ. வர வேண்டும். கூடுதலாக உள்ள மூலைவிட்டத்தின் முனைகளை உள்நோக்கித் தள்ளினால் சரியாகும்.

கால்கள்

மூலையிலிருந்து 300 மி.மீ. உள்ளே தள்ளிக் கால்களைப் பொருத்துங்கள். மீதமுள்ள நான்கு கட்டைகளைக் கால்களின் அடியில் திருகி, கீழ்முகத்தில் எம்8 டீ நட் (மரத்தில் அடித்துப் பதிக்கும் 8 மி.மீ. நட்) அடித்து போல்ட் ஏற்றுங்கள். நம் வீட்டுத் தரைகள் தண்ணீர் வடியச் சற்றுச் சரிவாகவே இருக்கும். ரசமட்டம் வைத்து போல்ட்டைத் திருகிச் சமன் செய்யலாம்.

ஒவ்வொரு காலுக்கும் நீளவாக்கில் ஒன்று, அகலவாக்கில் ஒன்று என 600 மி.மீ. சாய்வுத் தாங்கி, 45 பாகையில். ஒரு திசையில் மட்டும் கொடுத்தால் மறு திசையில் மேசை ஊஞ்சலாடும்.

மேல்தளத்தை வைக்குமுன் அதன் அடிப்பக்கத்துக்கும் விளிம்புக்கும் பெயின்ட் பூசுங்கள். மேலே மட்டும் பூசினால் மழைக்காலத்தில் அடிப்பக்கம் ஈரம் குடித்துப் பலகை வளையும், தண்டவாள இணைப்பு தூக்கிக்கொள்ளும். தளத்தை ஒட்ட வேண்டாம். கீழிருந்து சிறு எல்-கிளாம்ப்பும் 12 மி.மீ. திருகும் போட்டுப் பிடியுங்கள். மேலே மலையும் ஊரும் அமைத்த பிறகும் கழற்ற முடியும்.