அனாடமி மனப்பாடம், எக்ஸ்ரே அறையில் மட்டும் ஏன் கை ஓடவில்லை?

ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கமிருந்து ரேடியோகிராஃபி (எக்ஸ்ரே எடுக்கும் படிப்பு) படிக்கப் பெங்களூருக்கு வரும் நம் பிள்ளைகளில் பலர் தியரியில் கெட்டி. கை கால் எலும்புகளை மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். ஆஸ்பத்திரிப் போஸ்டிங்கில் ஒரு மணிக்கட்டு எக்ஸ்ரேயை நீட்டி, "இதுல பிசிஃபார்ம் எங்கப்பா?" என்று கேட்டால் முழிப்பார்கள். பிசிஃபார்ம் மணிக்கட்டின் 8 சிறு எலும்புகளில் ஒன்று. புத்தகத்தில் அந்த 8 எலும்புக்கும் 8 நிறம். ஃபிலிமில் எல்லாம் ஒரே சாம்பல், ஒன்றின்மேல் ஒன்று. பிஏ வியூவில் (கதிர் பின்பக்கமிருந்து முன்பக்கம் போகும் படம்) பிசிஃபார்ம், டிரைக்வீட்ரம் என்ற பக்கத்து எலும்பின் மேலேயே விழுந்து கிடக்கும். வண்ணப்படத்தை மட்டும் நம்பிப் படிப்பதுதான் மற்ற தவறுகளுக்கெல்லாம் வேர். எலும்பின் பெயரைப் படிக்கும்போதே, அது எந்த வியூவில் எப்படி விழும் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

ஸ்கேஃபாய்டு என்ற மணிக்கட்டு எலும்பைப் பாருங்கள். வண்டியிலிருந்து விழும்போது கையை ஊன்றியவர்களுக்கு இந்த ஊர் கேஷுவால்டிகளில் பஞ்சமே இல்லை. இந்த எலும்பு உள்ளங்கைப் பக்கம் சாய்ந்து கிடப்பதால் சாதாரண பிஏ வியூவில் குறுகித் தெரியும். கையைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்து வைத்தால் நீண்டு விரியும். தனி வியூ எடுப்பது அதற்காகத்தான். இதற்கான ரத்தம் பெரும்பாலும் விரல் பக்க முனை வழியாகப் போகிறது. நடுவில் முறிந்தால் முழங்கைப் பக்கத் துண்டு ரத்தமில்லாமல் செத்துப்போகலாம். முதல் நாள் படத்தில் முறிவு தெரியாமலும் போகும். அதனால் சந்தேகம் இருந்தால் 10 முதல் 14 நாள் கழித்து மறுபடி எடுக்கச் சொல்வார்கள். கட்டைவிரலை நன்றாக விரியுங்கள், அடியில் ஒரு குழி விழும். அங்கே அழுத்தினால் விரலுக்கடியில் இருப்பது ஸ்கேஃபாய்டு.

உள்ளங்கை கவிழ்ந்திருக்க முன்கைக்கு ஏபி (கதிர் முன்பக்கமிருந்து பின்பக்கம் போகும் படம்) எடுப்பது அடுத்த தவறு. வலியோடு வருபவர் கையை அப்படித்தான் வைப்பார். அந்த நிலையில் கட்டைவிரல் பக்க எலும்பான ரேடியஸ், சுண்டுவிரல் பக்க எலும்பான அல்னாவின் குறுக்கே ஏறிவிடும். உங்கள் முன்கையை மேசையில் வைத்து, மறுகையால் இரண்டு எலும்பையும் பிடித்துக்கொண்டு உள்ளங்கையைத் திருப்புங்கள். அல்னா அவ்வளவாக அசையாது. கட்டைவிரல் பக்க எலும்புதான் உருண்டு வரும். உள்ளங்கையை மல்லாத்தச் சொல்லும்போது மணிக்கட்டை மட்டும் முறுக்க விடாதீர்கள், தோளிலிருந்தே கை திரும்ப வேண்டும். கன்னடம் வராதே என்ற கவலை வேண்டாம். செய்து காட்டினால் கன்னடக்காரருக்கும் புரியும், உருது பேசுபவருக்கும் புரியும், நம் அல்சூர் பாட்டிக்கும் புரியும்.

'தோல் எக்ஸ்ரேயில் எங்கே தெரியப்போகிறது' என்று அந்தப் பாடத்தையே தாண்டிவிடுகிறவர்கள் உண்டு. கதிரின் நடுவைக் குறிவைக்கும் சென்டரிங் பாயின்டை எதைத் தடவிக் கண்டுபிடிக்கிறார்களாம்? முட்டிக்கு ஏபி என்றால், முட்டிச்சில்லின் கீழ்முனையைத் தொட்டுப் பார்த்து, அதற்குச் சுமார் 1 செ.மீ. கீழே. (தொடும் முன் நோயாளியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.) தோலின் அடுக்குகளான எபிடெர்மிஸ், டெர்மிஸ் இரண்டுக்கும் அடியிலுள்ள கொழுப்பு தசையைவிடக் கறுப்பாக விழும். முழங்கை மூட்டிலும் கொழுப்பு உண்டு. 90 டிகிரி மடக்கிய லேட்டரலில் (பக்கவாட்டுப் படத்தில்) பின்பக்கக் கொழுப்பு தெரிந்தால், மூட்டுக்குள் ஏதோ நிரம்பி அதை வெளியே தள்ளியிருக்கிறது. அடிபட்டு வந்தவர் என்றால், முறிவுக் கோடு தெரியாவிட்டாலும் முறிவு இருக்கலாம் என்று டாக்டர் சந்தேகப்படுவார். கையை நீட்டி எடுத்தாலோ, நல்ல முழங்கையிலும் அந்தக் கொழுப்பு தெரிந்து குழப்பும். தோல் சிவக்க 2 கிரே (கதிர் அளவின் அலகு) அளவு டோஸ் வேண்டும். கை கால் படங்கள் அதன் கிட்டவே வராது. இதய ரத்தக்குழாய்ச் சிகிச்சை நடக்கும் கேத் லேபில் ஃப்ளோரோஸ்கோபி (தொடர்ந்து ஓடும் எக்ஸ்ரே) நெடுநேரம் ஓடும்போதுதான் அந்தக் கவலை.

பிள்ளைகளின் படத்தில் வளர்ச்சிக் கோட்டை முறிவு என்று எண்ணிவிடுவதும் நடக்கிறது. பாதத்தில் சுண்டுவிரலுக்குப் பின்னாலுள்ள 5-வது மெட்டடார்சல் எலும்பின் அடியில், வளரும் வயதில் தனித் துண்டு ஒன்று இருக்கும். அதன் கோடு எலும்பின் நீளவாக்கில் ஓடும். முறிவு பெரும்பாலும் குறுக்கே ஓடும்.

இடுப்பு மூட்டுக்கு ஏபி எடுக்கும்போது பாதத்தை 15 முதல் 20 டிகிரி உள்பக்கம் திருப்பச் சொல்கிறார்கள். தொடை எலும்பின் கழுத்து முன்பக்கம் சாய்ந்திருப்பதால், திருப்பாவிட்டால் அது குறுகி விழும். இந்தக் காரணம் தெரியாமல் விதியை மட்டும் உருப்போட்டவர், கீழே விழுந்து வந்த வயதானவரின் காலையும் பிடித்துத் திருப்பப் பார்ப்பார். முறிவு என்று சந்தேகம் இருந்தால் காலைத் தொட்டுத் திருப்பவே கூடாது. கிடந்த நிலையிலேயே ஏபி, லேட்டரலுக்குக் கிடைமட்டக் கதிர்.