‘வீணாகும் நீர்’ என்று சொல்வதற்கு முன்: கொலராடோ ஆற்றில் நடந்த தவறுகள்

மண் கால்வாயில் கசிந்து போகும் நீரை வீண் என்கிறோம். சிமென்ட் தளம் போட்டுவிட்டால் அவ்வளவும் மிச்சம் என்று கணக்குப் போடுகிறோம். கலிபோர்னியாவின் தென்கோடியில், மெக்சிகோ எல்லையை ஒட்டி மணல்மேடுகளுக்கு நடுவே கொலராடோ ஆற்று நீரைச் சுமந்து ஓடும் ஆல் அமெரிக்கன் கால்வாயிலும் இந்தக் கணக்கைத்தான் போட்டார்கள். 2009இல் ஏறத்தாழ 37 கிலோமீட்டர் நீளத்துக்குச் சிமென்ட் தளமிட்ட கால்வாய் தயாரானது. ஆண்டுக்கு 67,700 ஏக்கர்-அடி, நம் வழக்கப்படி சொன்னால் கிட்டத்தட்ட மூன்று டி.எம்.சி. நீர் மிச்சமானது. அதில் பெரும்பங்கு சான் டியாகோ நகரத்துக் குழாய்களுக்குப் போனது.

எல்லைக்கு அந்தப் பக்கம் மெக்சிகாலி பள்ளத்தாக்கு. அங்கே அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக விவசாயிகளின் கிணறுகளில் ஊறியது இந்தக் கசிவு நீர்தான். எல்லைக்கு வடக்கே ‘இழப்பு’ என்று எழுதப்பட்ட நீர், தெற்கே பயிராக நின்றது. மெக்சிகாலியில் இருந்து வழக்குத் தொடுத்தார்கள். 2006இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டத்தில் தனிப் பிரிவே சேர்த்து வேலையை முடிக்கச் சொல்லிவிட்டது.

பாலைவனத்து ஆற்றைப் பங்கிடுவதில் மனிதர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். ஓர் ஆற்றில் ‘சும்மா போகும் நீர்’ என்று ஒன்று அநேகமாகக் கிடையாது. யாரோ ஒருவர் அதை ஏற்கெனவே குடித்துக்கொண்டிருக்கிறார், அல்லது ஏதோ ஓர் உயிர் அதில் வாழ்ந்துகொண்டிருக்கிறது. மிச்சம் பிடிக்கக் கூடாது என்பதல்ல என் வாதம். ஒவ்வொரு மிச்சமும் யார் மடையிலிருந்து எடுக்கப்பட்டது என்று முதலில் கேட்க வேண்டும். ஏழு அமெரிக்க மாநிலங்களும் மெக்சிகோவும், அங்கீகரிக்கப்பட்ட முப்பது பழங்குடி அரசுகளும் நம்பியிருக்கும் கொலராடோ ஆறு, இந்தக் கேள்வியைக் கேட்காததன் விலையை நூறு ஆண்டுகளாகக் கொடுத்துவருகிறது.

நல்ல ஆண்டுகளை வைத்துப் பாகம் பிரித்தது

1922 நவம்பரில் சாண்டா ஃபே நகரில், பின்னாளில் அமெரிக்க அதிபரான ஹெர்பர்ட் ஹூவர் தலைமையில் ஏழு மாநிலப் பிரதிநிதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். ஆற்றின் மேல்பகுதி மாநிலங்களான மேல்படுகைக்கு ஆண்டுக்கு 75 லட்சம் ஏக்கர்-அடி, கீழ்ப்பகுதி மாநிலங்களான கீழ்ப்படுகைக்கு 75 லட்சம். 1944 உடன்படிக்கையில் மெக்சிகோவுக்கு 15 லட்சம். ஆக மொத்தம் 165 லட்சம் ஏக்கர்-அடி, ஏறத்தாழ 719 டி.எம்.சி. காவிரிக்கு நடுவர் மன்றம் கணக்கிட்ட 740 டி.எம்.சி.யை நினைத்துக்கொண்டால் இதன் அளவு மனதில் பதியும்.

அவ்வளவு நீர் அந்த ஆற்றில் இல்லை. கணக்கெடுத்த ஆண்டுகள் தற்செயலாக மழையும் பனியும் மிகுந்தவை. அமெரிக்க நிலவியல் அளவைத் துறையின் நீரியலாளர் இ.சி. லாரூ 1920களிலேயே எச்சரித்தார், கேட்பாரில்லை. பிறகு மரங்கள் சாட்சி சொல்லின. மழை குறைந்த ஆண்டில் மரத்தின் வளையம் நூலிழை போல ஒடுங்கும், நல்ல ஆண்டில் தடிக்கும். பழைய மரங்களில் மெல்லிய துளையிட்டு எடுத்த தண்டுகளில் அந்த வளையங்களை எண்ணி, ஸ்டாக்டன், ஜேக்கபி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1976இல் நீண்டகாலச் சராசரியைச் சொன்னார்கள்: 135 லட்சம் ஏக்கர்-அடி. 2000க்குப் பிறகு ஆறு தருவது அதைவிடவும் குறைவு, சுமார் 124 லட்சம், அதாவது 540 டி.எம்.சி. பத்திரத்தில் இருக்கும் 719 எங்கே, ஆற்றில் வரும் 540 எங்கே!

சராசரியை வைத்து வாக்குறுதி கொடுப்பதே ஆபத்து. கொழுத்த ஆண்டுகளின் சராசரியை வைத்துக் கொடுப்பது பேராபத்து. அத்துடன், பங்கை விழுக்காட்டில் வைக்காமல் நிலையான அளவாக எழுதிவைத்ததால், ஆறு மெலிந்தபோது பங்குகள் மெலியவில்லை.

பனியைப் பார்த்து நிம்மதி அடைவதும் இதே தவறின் தம்பிதான். 2021இல் மலைகளில் பனி சராசரிக்குச் சற்றுத்தான் குறைவு. உருகும் பருவத்தில், ஆற்றின் மேல்பகுதியில் உள்ள பெரிய நீர்த்தேக்கமான பவல் ஏரிக்கு வந்து சேர்ந்ததோ சராசரியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. முந்தைய வறட்சியில் காய்ந்து கிடந்த மண் முதலில் தன் தாகத்தைத் தீர்த்துக்கொண்டது. வெப்பம் ஒரு பங்கை எடுத்துக்கொண்டது. மீதிதான் ஆறு.

ஆவியாவதை யார் தலையிலும் எழுதாதது

இதை வேறு எதையும்விட விரிவாகச் சொல்ல நினைக்கிறேன். தவறு அவ்வளவு எளியது என்பதே காரணம்.

ஹூவர் அணையின் பின்னால் இருக்கும் மீட் ஏரி, மேட்டூர் அணையைப் போல பன்னிரண்டு அணைகள் கொள்ளும் நீரைத் தாங்கக்கூடியது. சாதாரண ஆண்டில் மேலேயுள்ள பவல் ஏரியிலிருந்து திறந்துவிடும் நீரும் இடையில் சேரும் சிற்றாறுகளும் சேர்ந்து சுமார் 392 டி.எம்.சி. வரும். கீழ்ப்படுகையின் மூன்று மாநிலங்களுக்கும் மெக்சிகோவுக்கும் கொடுக்க வேண்டியதும் 392 டி.எம்.சி. வரவும் செலவும் சரி. ஆனால் கொதிக்கும் பாலைவெயிலில் ஏரியிலிருந்து ஆவியாவதும், கீழே ஆற்றுவழியில் இழப்பதுமாக ஆண்டுக்கு ஏறத்தாழ 52 டி.எம்.சி. போய்விடுகிறது. அந்த 52 எந்த மாநிலத்தின் கணக்கிலும் எழுதப்படவில்லை. ஏரியின் கணக்கில் தானாக விழுந்தது. வறட்சியே இல்லாத ஆண்டிலும் ஏரி இறங்கிக்கொண்டே இருந்ததற்கு இதுவே காரணம்.

எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது என்பார்கள். 2021 ஆகஸ்டில் முதல்முறையாக அதிகாரபூர்வமாகப் பற்றாக்குறை அறிவித்தார்கள். 2022 ஜூலையில் மீட் ஏரியின் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 1,040 அடியளவுக்கு இறங்கியது. ஏரி நிரம்பத் தொடங்கிய 1930களுக்குப் பிறகு அவ்வளவு இறங்கியதே இல்லை. நீர் நின்ற இடமெல்லாம் பாறையில் சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளைப் பட்டை, உயரமான கட்டடத்தின் அளவுக்கு.

நகரம்தான் குடிக்கிறது என்று நினைப்பது

லாஸ் வேகாஸ் என்றதும் நீரூற்றுகளும் கேளிக்கை விடுதிகளும் கண்ணில் வந்து, இந்த ஊர்தான் ஆற்றைக் குடித்துத் தீர்க்கிறது என்று தோன்றும். அந்த ஊர் இருக்கும் நெவாடா மாநிலத்தின் மொத்தப் பங்கே 3 லட்சம் ஏக்கர்-அடி, 13 டி.எம்.சி. கலிபோர்னியாவின் இம்பீரியல் பாசன மாவட்டம் ஒன்றுக்கு மட்டும் உரிமை 31 லட்சம் ஏக்கர்-அடி.

லாஸ் வேகாஸில் ஒருவர் பாத்திரம் கழுவினால், அந்த நீர் சாக்கடைவழி சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய், ஓடைவழி மீண்டும் மீட் ஏரியிலேயே சேர்கிறது. சேர்ந்த அளவுக்கு நகரம் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். ஆகவே அங்கே வீட்டுக்குள் புழங்கும் நீர் கணக்கில் ஏறக்குறைய தீர்வதே இல்லை. தீர்வது வாசலில் வளர்க்கும் புல்லில். அது வானத்துக்குப் போனால் திரும்பாது. இதைப் புரிந்துகொண்ட நகர நீர்வாரியம் குளியல் நேரத்தைக் குறை என்று மக்களை நச்சரிப்பதைவிட, புல்லைப் பெயர்த்தால் சதுர அடிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்தது. 2021இல் யாரும் காலே வைக்காத அலங்காரப் புல்தரைகளுக்கு நீர் பாய்ச்சுவதைத் தடைசெய்யும் சட்டமும் வந்தது; 2027 முதல் நடைமுறை. 2002க்குப் பிறகு ஏழு லட்சம் பேருக்கு மேல் கூடியும், ஊர் எடுக்கும் நிகர நீர் கால்பங்குக்கும் மேல் குறைந்திருக்கிறது.

ஆனால் இதே முறையைக் கடலோர நகரத்தில் அப்படியே பின்பற்றினால் தவறு. அங்கே சாக்கடை நீர் கடலுக்குப் போகிறது. வீட்டுக்குள் சேமிப்பதும் மிச்சம்தான். சொட்டுநீர்ப் பாசனத்துக்கும் இது பொருந்தும். வரப்பு வழிந்து ஓடும் நீர் கீழே வேறொரு வயலுக்குப் போகிறது என்றால், சொட்டுநீர் போட்டு மிச்சம் பிடித்த விவசாயி அந்த மிச்சத்தில் கூடுதல் நிலம் பயிரிட, கடைமடைக்காரர் காய்வார்.

விவசாயியை வில்லனாக்குவது

படுகையில் மனிதர்கள் பயன்படுத்தும் நீரில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு வயல்களுக்குத்தான் போகிறது. அதிலும் மாட்டுத் தீவனத்துக்கான குதிரைமசாலும் பிற தீவனப்புல்லும் பெரும்பங்கு எடுக்கின்றன. உடனே ‘குதிரைமசாலை ஒழித்தால் தீர்ந்தது’ என்கிறார்கள்.

குதிரைமசால் ஆழ வேர்விடும் பயிர். கோடையில் சில வாரங்கள் நீரை நிறுத்தினாலும் சாகாது. தூங்கிக் கிடந்து, நீர் வந்ததும் துளிர்க்கும். பழத்தோட்டத்தில் இது நடக்காது. 2024இல் இம்பீரியல் மாவட்டம் விவசாயிகளுக்குப் பணம் கொடுத்து, கோடையில் ஒன்றரை மாதம் முதல் இரண்டு மாதம்வரை இந்தப் பயிர்களுக்கு நீர் நிறுத்த வைத்தது. எதை ஒழிக்கச் சொல்கிறார்களோ அதுவே பற்றாக்குறைக் காலத்தில் இளகிக்கொடுக்கும் பயிராக இருக்கிறது.

நிலத்தைத் தரிசாகப் போட்டு நீரை நகரத்துக்கு விற்பதிலும் ஓர் ஆபத்து உண்டு. பணம் நிலம் வைத்திருப்பவருக்குப் போகும். களையெடுத்தவர், டிராக்டர் ஓட்டியவர், உரக்கடை வைத்தவர் கணக்கில் வரமாட்டார்கள். இம்பீரியல் பள்ளத்தாக்கில் இன்னொன்றும் நடந்தது. 1905இல் கால்வாய் உடைத்து ஆறு இரண்டு ஆண்டுகள் பாய்ந்து உருவான சால்ட்டன் கடல் என்ற உப்பேரி, அதன் பிறகு வயல்களின் வடிகால் நீரில்தான் உயிர் வாழ்ந்தது. 2003 ஒப்பந்தப்படி சான் டியாகோவுக்கு நீர் போகத் தொடங்கி, ஈடாக ஏரிக்கு விட்டுவந்த நீரும் 2017 முடிவில் நின்றபின், கரை பின்வாங்கியது. காய்ந்த படுகையின் புழுதி காற்றில் கிளம்புகிறது. குழந்தைகளுக்கு ஆஸ்துமா ஏற்கெனவே அதிகமாக இருக்கும் வட்டாரம் அது. நகரம் சேமித்த நீரின் விலையை அந்தப் பிள்ளைகளின் நுரையீரல் கொடுக்கிறது என்பதை என்னால் வெறும் பக்கவிளைவு என்று எழுத முடியவில்லை.

கண்ணுக்குத் தெரியாத கணக்குகள்

ஆற்று நீர் வெட்டப்பட்டதும் மத்திய அரிசோனாவின் பினால் மாவட்ட விவசாயிகள் மறுபடி கிணறுகளுக்குத் திரும்பினார்கள். 1968இல் அரிசோனாவின் பெருங்கால்வாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் வாங்க, பற்றாக்குறை வந்தால் கலிபோர்னியாவுக்குப் பின்னால்தான் தன் முறை என்று அந்த மாநிலம் ஒத்துக்கொண்டிருந்தது. அதன் விளைவு அரை நூற்றாண்டு கழித்து இவர்கள் தலையில் விடிந்தது. முன்பே அளவுக்கு மீறி உறிஞ்சியதால் நிலம் உள்வாங்கி விரிசல் கண்ட பகுதி அது. 2003க்குப் பிறகு இந்தப் படுகை இழந்த நிலத்தடி நீர் ஏறத்தாழ ஒரு மீட் ஏரி அளவு என்று செயற்கைக்கோள் அளவீடுகள் சொல்கின்றன. ஏரி இறங்குவதைப் படம் பிடிக்கலாம், நிலத்தடியை முடியாது.

பழங்குடிகளின் பங்கும் அப்படித்தான். 1908இலேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர்களின் நீருரிமையை ஏற்றது. 1922 மேசையில் அவர்களுக்கு நாற்காலி போடவில்லை. நவஹோ மக்களின் வீடுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றில் இன்றும் குழாய் நீர் இல்லை. அவர்கள் பயன்படுத்தாத பங்கை மற்றவர்கள் ‘உபரி’ என்று பயன்படுத்திவந்தார்கள்.

உப்பை மறந்தது

அளவை மட்டும் எழுதித் தரத்தை எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1961 சாட்சி. அரிசோனாவின் வெல்டன்-மொஹாக் பகுதி தன் வயல்களின் உவர் வடிகாலை ஆற்றில் விட்டது. எல்லை தாண்டி மெக்சிகாலிக்குப் போன நீரில் உப்பு லிட்டருக்கு 2,700 மில்லிகிராமைத் தொட்டது. உடன்படிக்கை சொன்ன அளவு நீர் குறையாமல் போனது, பயிர்கள் கருகின. 1973இல்தான் உப்புக்கு வரம்பு எழுதினார்கள். அந்த வடிகாலைத் தனிக் கால்வாயில் திருப்பி, மெக்சிகோவின் சதுப்பில் கொண்டுபோய் விட்டார்கள். யூமாவில் பெரிய உப்புநீக்க ஆலையும் கட்டி 1992இல் முடித்தார்கள். மிகக் குறுகிய காலங்களே அது ஓடியிருக்கிறது.

இதற்கிடையில், யாருக்கும் வேண்டாத அந்த உவர்நீர் போய்ச் சேர்ந்த இடத்தில், ஆறு வற்றிய டெல்டாவின் நடுவே ஆயிரக்கணக்கான ஏக்கரில் கோரையும் சம்பும் வளர்ந்துவிட்டன. வேறெங்கும் இடமில்லாத நீர்ப்பறவைகள் அங்கே கூடுகட்டின. சியெனகா டி சாண்டா கிளாரா என்று அதற்குப் பெயர். 2010இல் ஆலையைச் சோதனையாக ஓட்ட முடிவெடுத்தபோது, கணக்குப்படி மிச்சமாகும் நீர் அந்தச் சதுப்பின் நீர் என்பதை இந்த முறை முன்கூட்டியே பேசினார்கள். அமெரிக்கா ஒரு பங்கு, மெக்சிகோ ஒரு பங்கு, இரு நாட்டுத் தன்னார்வ அமைப்புகள் ஒரு பங்கு என்று 30,000 ஏக்கர்-அடி நீரைத் திரட்டிச் சதுப்புக்கு விட ஏற்பாடு செய்துவிட்டுத்தான் ஆலையின் பொத்தானை அழுத்தினார்கள்.