தசாவதாரம் போட்டு, கடவுளையும் கேயாஸ் தியரியையும் பேசுவது எப்படி?

முழுப்படமும் வேண்டாம், அது சுமார் மூன்று மணி நேரம் ஓடும். 'தசாவதாரம்' (2008) படத்தில் பெருமாள் சிலையோடு வைணவ பக்தர் நம்பியைக் கடலில் தள்ளும் 12ஆம் நூற்றாண்டுத் தொடக்கமும், 2004 டிசம்பர் 26 சுனாமியில் முடியும் கடைசி அரை மணி நேரமும் போதும். பத்துப் பதினைந்து பேர் இருந்தால் நல்லது. பேச மட்டும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

பார்க்கும்போதே ஆளுக்கொரு தாளில் நடுவே கோடு போடச் சொல்லுங்கள். இடப்பக்கம் திரையில் நடப்பது, வலப்பக்கம் அதற்குச் சொல்லப்படும் காரணம். 'கடல் பொங்கியது, உப்பு கிருமியை (படத்தில் எல்லாரும் துரத்தும் கொடிய ஆயுதம்) அழித்தது' இடப்பக்கம். 'பெருமாள் காப்பாற்றினார்' வலப்பக்கம். 'தற்செயல்' என்பதும் வலப்பக்கம்தான். பலர் அதை இடப்பக்கம் எழுதிவிடுவார்கள். அங்கிருந்தே பேச்சைத் தொடங்கலாம்.

பேச்சு தடம் மாறுவது பெரும்பாலும் படம் சொல்லும் 'பட்டாம்பூச்சி விளைவில்', அதாவது ஒரு பட்டாம்பூச்சியின் சிறகசைப்பு எங்கோ புயலாகலாம் என்பதில். சின்னக் காரணம் பெரிய விளைவைத் தரும், ஆகவே எல்லாம் முன்பே எழுதப்பட்டது என்று யாராவது முடித்துவிடுவார். கேயாஸ் தியரிக்கு வித்திட்ட வானிலை அறிஞர் எட்வர்ட் லாரன்ஸ் கண்டது வேறு. 1961இல் வானிலைக் கணக்கை மறுபடி ஓட்டியபோது 0.506127 என்ற எண்ணை 0.506 என்று சுருக்கிக் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் இரண்டு வானிலையும் ஒட்டாமல் பிரிந்துபோயின. தொடக்கத்தைத் துல்லியமாக அளக்க முடியாததால் தொலைவில் வருவதைக் கணிக்க முடியாது என்பதே அவர் சொன்னது. முடிவிலிருந்து பின்னோக்கிப் பார்க்கிறவருக்குத்தான் அது விதியாகத் தெரிகிறது. படமும் நம்மை அந்த முடிவில்தான் நிறுத்துகிறது. இந்த எண்களைப் பலகையில் எழுதியே காட்டுங்கள், வாயால் சொன்னால் பதியாது.

சரித்திரம் பற்றிக் கேள்வி வரும். சோழ மன்னன் இரண்டாம் குலோத்துங்கன் தில்லைக் (சிதம்பரம்) கோவிந்தராசப் பெருமாள் சிலையைக் கடலில் சேர்த்ததை அவனது அவைப்புலவர் ஒட்டக்கூத்தர் பாடியிருக்கிறார். நம்பி கற்பனைப் பாத்திரம். இதற்கு ஐந்து நிமிடம் போதும்.

சுனாமிப் பகுதியில் அவசரம் கூடாது. தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேர் இறந்தார்கள், உறவினரை இழந்தவர் அறையிலேயே இருக்கலாம். முதலில் இடப்பக்கத்தை நிரப்புங்கள்: சுமத்ரா அருகே கடலடித் தட்டுகள் சறுக்கின, நிலநடுக்கம் 9.1 அளவு. அதன்பிறகு, ஒரு கிருமியை அழிக்கக் கடவுள் இத்தனை பேரை எடுப்பாரா என்ற கேள்வியை வையுங்கள். பக்தருக்கே முதல் வாய்ப்பு கொடுங்கள். நாத்திகர் முதலில் பேசினால் மற்றவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள்.