வேலையை விடாமல் வேறு துறையைத் தொட்டுப் பார்ப்பது எப்படி?

திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் எட்டு வருடம் மெர்ச்சன்டைசராக, அதாவது ஆர்டர் வந்ததிலிருந்து சரக்கு அனுப்பும் வரை கவனிப்பவராக, இருந்தேன். மனசு மட்டும் சுற்றுச்சூழல் வேலை பக்கம் இருந்தது. பணம் கட்டிப் படிப்பதற்கு முன்னால் அது ஒத்துவருமா என்று தன்னார்வப் பணியில் பார்த்தேன்.

படி 1: அமைப்பைத் தேடுங்கள்

தொண்டு நிறுவனங்கள் பதிவு செய்துகொள்ளும் நிதி ஆயோக்கின் தர்பண் தளத்தில் மாவட்டவாரியாகத் தேடலாம். மரம் நட 'வனத்துக்குள் திருப்பூர்', குளங்களுக்குக் கோவை 'சிறுதுளி' என்று நம் பக்கமே தெரிந்த பெயர்கள் உண்டு. பதிவு எண்ணைப் பார்த்ததோடு நிறுத்தாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் போய் வாருங்கள்.

படி 2: வேலையைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்

நான் வழுக்கியது இங்கேதான். முதலில் போன இடத்தில் "என்ன வேலை செய்வீங்க?" என்று கேட்டார்கள். "எதுனாலும் சரிங்க" என்றேன். மூன்று மாதம் தண்ணீர் பாட்டில் கொடுத்தேன், பேனர் பிடித்தேன். அந்தத் துறையைப் பற்றி ஒன்றும் தெரிந்துகொள்ளவில்லை.

அடுத்த இடத்தில் கேள்வியை மாற்றினேன். "போன ஐப்பசியில் நட்ட கன்றுகளில் எத்தனை பிழைத்திருக்கின்றன என்று எண்ணித் தரட்டுங்களா? ஆறு ஞாயிறு போதும்." உடனே சம்மதித்தார்கள். நடுவதற்கு ஆள் வருவார்கள், சித்திரை வெயிலில் எண்ணுவதற்கு வர மாட்டார்கள்.

வேம்பும் புங்கனும் நின்ற இடம், பட்டுப்போன இடம், தண்ணீர் லாரி போகாத இடம் என்று வரிசை வரிசையாகக் குறித்தேன். ஷிப்மென்ட் கணக்குப் பார்த்த பழக்கம் அப்படியே கை கொடுத்தது. இந்த வேலையைச் சம்பளத்துக்கும் செய்யலாம் என்று அன்றைக்குத்தான் நம்பிக்கை வந்தது.

ஆக, நீங்கள் போக நினைக்கும் துறையின் அன்றாட வேலையில் ஒரு துண்டை, முடியும் தேதியோடு கேளுங்கள்.

படி 3: குறித்து வையுங்கள்

கூகுள் ஷீட்ஸ் போதும். தனிச் செயலி எதுவும் வேண்டாம் என்பது என் கட்சி. தேதி, செய்த வேலை, பிடித்ததா இல்லையா என்று மூன்று பத்தி. அந்த மூன்றாவது பத்தியை விட்டுவிடாதீர்கள்.

படி 4: கடிதம் வாங்குங்கள்

பொதுவான சான்றிதழை விட, செய்த வேலையை விவரிக்கும் கடிதம் நேர்காணலில் பேசும்.

பின்சேர்க்கை: ஞாயிறும் ஷிப்ட் இருக்கிறதே என்று சிலர் கேட்டிருந்தார்கள். கணக்கு எழுதுவது, தமிழில் அறிக்கை தயாரிப்பது போன்றவற்றை வீட்டிலிருந்தே இரவில் செய்து தரலாம். அப்போதும் மாதம் ஒருமுறையாவது களத்துக்குப் போங்கள். வெயிலில் நிற்க முடியுமா என்பது ஷீட்டில் தெரியாது.