ஷவர் திரையில் படியும் வெள்ளைக் கறைக்கு வினிகர்

பாத்ரூம் பிளாஸ்டிக் திரையின் அடிப்பகுதி வெள்ளை பூத்துச் சொரசொரப்பாகிவிட்டால், சோப்பு போட்டுத் தேய்க்காதீர்கள். கொக்கிகளிலிருந்து கழற்றி, ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு மூன்று பங்கு வெதுவெதுப்பான தண்ணீர் என்று பிளாஸ்டிக் பேசினில் கலந்து, அந்த அடிப்பகுதியை மட்டும் மடித்து ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள். அப்புறம் பழைய டவலால் துடைத்தாலே படலம் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். பிரஷ் வேண்டாம்; அதன் கீறல்களில்தான் அடுத்த அழுக்கு போய் உட்காரும். நல்ல தண்ணீரில் அலசி, மடிப்பில்லாமல் விரித்துக் காயப்போடுங்கள்.

போர் தண்ணீர் போன்ற கடின நீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து, தண்ணீரில் கரையாத படலமாக ஒட்டிக்கொள்கின்றன. மேலும் சோப்பு போட்டால் அதே படலம்தான் கூடும். வினிகரின் அமிலம் அதைச் சிதைத்து இளக்கிவிடுகிறது.

கரும்புள்ளியாகப் பிடித்த பூஞ்சைக் கறைக்கு இது போதாது. அதற்கு ப்ளீச் போடுவதென்றால், வினிகரைச் சுத்தமாக அலசிவிட்டு வேறொரு நாளில் போடுங்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும். மூடிய பாத்ரூமில் அது உண்மையிலேயே ஆபத்து. கொதிக்கிற தண்ணீரும் ஆகாது, திரை சுருங்கிக் கோணிவிடும். தொட்டாலே விரிசல் விடுகிற பழைய திரைக்கு இந்த மெனக்கெடல் வீண், மாற்றிவிடலாம். மொசைக், மார்பிள் தரை உள்ள வீடுகளில் வினிகர் தரையில் சிந்தினால் பளபளப்பு போய்விடும், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள்.