பூச்சில்லா அலுமினிய யோயோவுக்கு மெருகேற்றும் முறை

ஆனோடைசிங் (மின்வேதி முறையில் ஏற்றும் காப்புப் பூச்சு) செய்யப்படாத அலுமினிய யோயோவில் சிறிது நேரம் விளையாடினாலே விரலிலும் நூலிலும் கருஞ்சாம்பல் கறை படியும். காற்றுப் பட்டவுடன் அலுமினியத்தின் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகிவிடுகிறது. கை வியர்வையிலுள்ள உப்பு அதை மேலும் மங்கச் செய்கிறது. ஆகவே மெருகேற்றுவது ஒருமுறையோடு முடிகிற வேலையன்று.

முதலில், உங்கள் யோயோ உண்மையிலேயே பூச்சற்றதுதானா என்று சோதியுங்கள். நிறமில்லாத ஆனோடைசிங்கும் வெள்ளி போலவே தெரியும். துணியில் சிறிது மெட்டல் பாலிஷ் தொட்டு ஓரிடத்தில் தேயுங்கள். துணி உடனே கறுத்தால் அது வெறும் உலோகம். கறுக்காவிட்டால் அத்துடன் நிறுத்திவிடுங்கள்.

அடுத்து, இரு பாதிகளையும் திருகிப் பிரித்து, பேரிங்கைக் கழற்றித் தனியே வையுங்கள். நூலைப் பிடித்து யோயோவைக் கைக்குத் திரும்பச் செய்யும் சிலிக்கோன் பேடுகளையும் பேரிங் அமரும் தண்டையும் மாஸ்கிங் டேப்பால் மூடுங்கள். பேரிங்கின் உள்விட்டம் பெரும்பாலும் 6.35 மி.மீ.; அந்தத் தண்டு சற்றே தேய்ந்தாலும் பேரிங் தளர்ந்து, யோயோ சுழலும்போது அதிரத் தொடங்கும்.

கீறல்கள் இருந்தால் மட்டும் உப்புத்தாள் தேவை. 600, 1000, 1500, 2000 என்ற எண் வரிசையில் (எண் கூடக்கூடத் தாள் மென்மையாகும்), தாளைத் தண்ணீரில் நனைத்தே தேயுங்கள். உலோகத் தூள் பறக்காது. ஒவ்வொரு எண்ணுக்கும் தேய்க்கும் திசையை மாற்றினால், முந்தைய தாளின் கோடுகள் முழுவதும் மறைந்தனவா என்பது கண்ணுக்குத் தெரியும். அவை மறையாமல் அடுத்த தாளுக்குப் போகாதீர்கள்; அவசரத்தில் விட்டுவைத்த ஒரு 600 கோடு, கடைசியில் கண்ணாடிப் பளபளப்புக்கு நடுவே பளிச்சென்று தெரியும். தரையில் விழுந்து நெளிந்த விளிம்பில், கையைக் குத்தும் பிசிறை மட்டும் நீக்குங்கள். பள்ளத்தின் அடிவரை தேய்த்தால் விளிம்பின் எடை குறைந்து சமநிலை கெடும். இரு பாதிகளையும் ஒரே அளவு தேய்ப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

இப்போது பட்டாணி அளவு பாலிஷை மென்துணியில் எடுத்து, சிறு வட்டங்களாகத் தேயுங்கள். கறுப்புக் குழம்பு வருவது நல்ல அறிகுறி. அது காய்வதற்குள் வேறொரு சுத்தமான துணியால் துடைத்து, பளபளப்பு போதுமென்று தோன்றும்வரை மீண்டும் தொடருங்கள். பேட்டரி டிரில்லில் நீளமான எம்4 (4 மி.மீ. தடிமன்) போல்ட்டை மாட்டி, அதில் யோயோவின் ஒரு பாதியைப் பொருத்திச் சுழற்றினால் வேலை விரைவாகும். ஆனால் துணியை விரலில் சுற்றிக்கொள்ளாதீர்கள், கையுறையும் அணியாதீர்கள், கண்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள்.

விரலின் மேல் சுழலவிடும் கிரைண்ட் வித்தைகளை விரும்புவோர், விரல் படும் உட்புறத்தை மெருகேற்றாமல் விடுவதே நல்லது. கண்ணாடி போன்ற பரப்பு தோலில் ஒட்டிப் பிடிக்கும். சொரசொரப்பான பரப்புதான் வழுக்கிச் சுழலும்.

இறுதியாக ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் எஞ்சிய பாலிஷை நீக்கி, வெளிப்புறத்தில் மட்டும் கார்னூபா மெழுகை (ஒருவகைப் பனை இலையிலிருந்து கிடைக்கும் மெழுகு) மெல்லியதாகப் பூசுங்கள். நூல் படும் இடத்தில் மெழுகு பட்டால் யோயோ கைக்குத் திரும்புவது கெடும். டேப்பை உரித்து, பேரிங்கை மாட்டித் திருகும்போது அளவுக்கு மீறி இறுக்காதீர்கள். அலுமினியத்தில் மரை எளிதில் தேய்ந்துவிடும்.

பிறகு பராமரிப்பு எளிது. ஒவ்வொரு முறையும் விளையாடியபின் மைக்ரோஃபைபர் துணியால் வியர்வையைத் துடையுங்கள். பித்தளைக்குப் போடும் புளியும், பாத்திரத்துக்குப் போடும் சலவைச் சோடாவும் இதற்கு ஆகா; சோடா போன்ற காரம் அலுமினியத்தை அரித்துக் கறுக்கச் செய்யும். மெழுகு தேய்ந்து கை மீண்டும் கறுக்கத் தொடங்கும்போது, உப்புத்தாளைத் தொடாமல் பாலிஷும் மெழுகும் மட்டும் போட்டாலே போதும்.